தெரு கொடுத்த நற்சான்று

பகல் நேரத்தில் சின்னப்பிள்ளை வீட்டு டிவி அலறினால், எதிர்வீட்டில் அழகுமலை மாமா தூங்கிவிட்டார் என்று அர்த்தம். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மாமாவுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. இரவு டூட்டி முடிந்து காலையில் வந்து படுப்பார். கொஞ்ச நேரத்தில் தூக்கத்திலேயே கத்துவார். மனிதக் குரல் மாதிரியே இருக்காது. தெருவில் போகிறவர்கள் காதில் அது விழக் கூடாதென்று சின்னப்பிள்ளை பெரியம்மா சீரியல் சத்தத்தைக் கூட்டி வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாமாவின் மகள் அருணாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்பு மாமா தெருவைச் சிரிக்கவைத்த ஆள். எங்கள் மாவட்டத்தில் தீயைவிடக் கிணறுதான் அதிகம். மாடு விழும், மயில் விழும், குடித்துவிட்டு மனிதன் விழுவான். கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு மாமாவை விட்டால் அந்த நிலையத்தில் ஆள் கிடையாது. "மயிலைத் தூக்கியாரேன், நன்றிக்கடன்னு அது எந்தலையில பேண்டு வச்சிருச்சு மாப்ள" என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டிக் காட்டுவார்.

கஜா புயல் அடித்த வருஷம், புயலுக்கு முந்தின கோடையில், ஒரு கிணற்றில் ஐந்து வயதுப் பிள்ளை தவறி விழுந்தது. மாமா இறங்கினார். பிள்ளைக்கு உயிர் இருந்தது. முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "கழுத்தக் கட்டிப் பிடிச்சுக்க சாமி" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையும் பிடித்துக்கொண்டது. மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். பாதி வழியில் கழுத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பிள்ளை போய்விட்டது மேலே நின்ற ஊர் சனத்துக்குத் தெரியாது. இரண்டு தலை தெரிந்ததும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு அவர் கழுத்தில் எதுவும் படக் கூடாது. தோளில் துண்டு போடுவதை விட்டார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டால் மூச்சு முட்டும். கஜாவில் மட்டும் தூங்காமல் மரம் அறுத்தார்; தூங்காமல் இருப்பதுதான் அவருக்கு வசதியாக இருந்தது. மாமாவின் மனைவி ஈஸ்வரி அத்தை யாருக்கும் சொல்லாமல் அவரைத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அங்கே பெயர் கேட்டபோது, துபாயில் இருக்கிற தன் தம்பி பழனிச்சாமியின் பெயரைக் கொடுத்தார். அழகுமலை என்ற பெயர் அந்த ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டால் அருணாவுக்கு வரன் வராது என்பது அவர் கணக்கு. மாத்திரை சாப்பிட்டும் சத்தம் நிற்கவில்லை.

மாமாவால் இனி கிணற்றுப் பக்கம் போக முடியாது. ஆனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஓய்வூதியம் போய்விடும். விருப்ப ஓய்வுக்கு இருபது வருஷ சர்வீஸ் வேண்டும். அது இன்னும் ஆகவில்லை. உடல்நிலையால் இவர் வேலைக்கு ஆகமாட்டார் என்று அரசாங்கமே எழுதி அனுப்பினால்தான் பென்சன். அந்த மனுவை நான்தான் எழுதினேன்; முடிவு வரும்வரை மாமா மருத்துவ விடுப்பில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு மனு எழுதினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மாமாவின் மனுவை மூன்று முறை திருத்தி எழுதினேன். மனு போட்டது தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

மருத்துவக் குழு முன்னால் மாமா விறைப்பாக நின்றார். கையைத் தூக்கச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள், கண்ணைப் பார்த்தார்கள்.

"ஒரு கொறையும் தெரியலையே. மனசுக்கு வைத்தியம் பாத்த சீட்டு இருக்கா?"

நான் தஞ்சாவூர்ச் சீட்டுகளை நீட்டினேன்.

"பழனிச்சாமிங்கிறது யாரு?"

"எம் மச்சினன் சார்" என்றார் மாமா.

"அவருக்கா மனசு சரியில்ல?"

"இல்ல சார். அவன் துபாய்ல நல்லா இருக்கான்."

பக்கத்திலிருந்த மருத்துவர் சிரித்துவிட்டார். கேட்டவர் சிரிக்கவில்லை. நான் நடந்ததை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீ சொல்றத நான் நம்புறேன். ஆனா அடுத்தவன் சீட்ட வச்சு நான் எழுதுனா நாளைக்கு என்னையக் கேப்பாங்க" என்றார். வீட்டுப் பக்கம் நேரில் விசாரித்து அறிக்கை அனுப்பும்படி துறைக்கு எழுதினார். எனக்கு அது நல்லதாகவே பட்டது. தெருவுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஒரு நாள் சாயங்காலம் அத்தை வீட்டில் நானும் இருந்தேன். சின்னப்பிள்ளை பெரியம்மா முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே வந்தார்.

"ஈஸ்வரி, இன்னிக்கு ஒம் மகளுக்குக் கல்யாணத்த முடிச்சு வச்சுட்டேன்டி! மத்தியானம் நீங்க வெளிய போயிருந்தப்ப மாப்பிள்ள வீட்டுலருந்து விசாரிக்க ஆளு வந்துச்சு."

"யாருங்க்கா?"

"பட்டாளத்துல இருக்காருன்னு சொன்னீங்கள்ல, மாப்பிள்ளையோட சித்தப்பா, அவருதான். முடி ஒட்ட வெட்டி, வெள்ளச் சட்ட போட்டு, பைக்குல வந்தாரு. 'எதிர்வீட்டுக்காரரு எப்படி'ன்னு கேட்டாரு. நான் விடுவனா? தங்கம்னேன். 'குடிப்பாரா'ன்னாரு. மோந்துகூடப் பாத்ததில்லன்னேன்."

அத்தை சிரித்தார். பெரியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அப்பறம் கேக்குறாருடி, 'தூக்கமெல்லாம் எப்படி, சத்தம் கித்தம் போடுவாரா'ன்னு. எவனோ போட்டுக் குடுத்திருக்கான். நான் அசரலையே! படுத்தாருன்னா கொறட்ட மட்டுந்தாங்க வரும், குடுத்து வச்ச தூக்கம்னேன். 'பயம், கோவம்?' பயமா? கஜாவுல எங்க தெருவுக்கே மரம் அறுத்து வழிவிட்ட ஆளுங்க, இப்பச் சொன்னாலும் கெணத்துல எறங்குவாருன்னேன். ஒரு சொம்பு மோரு குடுத்து அனுப்புனேன். அங்கிட்டு நாலு வீட்டுலயும் கேட்டிருக்காரு. ஒருத்தரும் விட்டுக் குடுக்கல."

பொண்ணு வீட்டை விசாரிக்க வந்தால் நல்லதைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அத்தைக்குத்தான் முதலில் விளங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா காஷ்மீரில் இருந்தார். லீவில் வரவே இல்லை. சிரிப்பு நின்ற முகத்தோடு அத்தை என்னைப் பார்த்தார்.

வந்தவர் துறை விசாரிக்க அனுப்பிய பக்கத்துத் தாலுகா தீயணைப்பு நிலைய அதிகாரி. காக்கி போட்டு வந்தால் தெரு கூடிவிடும், மாமாவுக்குச் சங்கடம் என்று வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறார். அவரிடம் போய் நின்றபோது அவரே என்னிடம் சொன்னார். "அஞ்சு வீட்டுல ஒரே வார்த்தையா நல்லாருக்காருன்னு சொன்னாங்களே தம்பி. ஒருத்தராச்சும் மாத்திச் சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். ரிப்போர்ட்டு போயிருச்சு. அந்தத் தெருக்காரங்களே வந்து எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம்."

அதற்குள் நிஜமான மாப்பிள்ளை வீட்டார் வந்து கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அவர்களிடமும் தெரு அதையேதான் சொல்லியிருந்தது. பின்னாலேயே உத்தரவும் வந்தது: பணிக்குத் தகுதியானவர், உடனே பணியில் சேர வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் சின்னப்பிள்ளை பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வாடா தம்பி ஆபீசுக்கு. நான் பொய் சொன்னேன்னு கைநாட்டு வச்சுத் தாரேன். தெனமும் கத்துறாரு, நான் டிவிய வச்சு மூடுறேன்னு சொல்றேன்."

"சொல்லுங்க பெரியம்மா" என்றாள் அருணா. "இதுக்காகப் போற கல்யாணம் போகட்டும்."

அத்தை மகளின் வாயைப் பொத்தினார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்து கிடந்தது. அவர் தலையசைத்தால் போதும், நான் அப்போதே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

"வேணாங்க்கா" என்றார். "நீங்க சொன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் வேலையில் சேர்ந்தார்.

கல்யாணத்தில் சம்பந்தி மாலை போட்டபோது, பூவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். போட்டோவில் பார்த்தால் மாலையைச் சரிசெய்கிற மாதிரிதான் இருக்கும்.

அடுத்த வாரமே ஆவூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்கு அழைப்பு வந்தது. விழுந்திருந்தது ஆடுதான். கூட இருந்தவர்கள் சின்னப் பையன்கள். மாமாதான் இறங்கினார். முதுகில் கட்டாமல் ஆட்டைச் சாக்கில் போட்டுத் தனியாக ஏற்றினார்கள். அவர் அதன் பிறகும் கீழேயே நின்றிருக்கிறார். மேலேயிருந்து கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. இன்னொருவன் இறங்கித்தான் அவரைக் கூட்டிவந்தான். அதையும் யாரும் வெளியே சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வந்து படுத்தார். அன்றைக்கென்று பார்த்துப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சம்பந்தி வந்துவிட்டார். முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அத்தை பலகாரத் தட்டை எடுத்து வந்தபோது எதிர்வீட்டு டிவி அலறியது. அருணா தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, இம்புட்டுச் சத்தமா வைக்கிறாங்க?"

"அந்த அக்காவுக்குக் காது கேக்காதுங்க" என்றார் அத்தை.

"அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி ஒரு முறுக்கை எடுத்தார்.