கமாவாகிப்போன எழுத்து

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில், தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் தரும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பயணிகள் பட்டியல் என் பொறுப்பு. முன்பதிவுக் கோப்பில் பெயருக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் நடுவே டேப் இடைவெளி இருக்கும். அதைக் கமாவாக மாற்ற, எழுத்துகளைத் தேடி மாற்றும் sed கட்டளையை வைத்துச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அலுவலகத்து லினக்ஸ் கணினியில் அது பிசகாமல் ஓடியது.

ஒருநாள் காலை அந்தக் கணினி உயிர் பெறவே இல்லை. முதலாளி வீட்டிலிருந்து பழைய மேக் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே ஸ்கிரிப்டை அதில் ஓட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. கடல் உள்வாங்கித் துறையில் தண்ணீர் வற்றுவதற்குள் படகு கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில், அச்சிட்ட தாளைப் படித்துப் பார்க்காமலே துறைமுக அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு காற்று பலமாகியது. மதியமாகியும் படகு தீவைச் சேரவில்லை. கேப்டன் போனை எடுக்கவில்லை. தேடுவதற்காகப் பட்டியலை எடுத்த அதிகாரி என்னைப் போனில் அழைத்து, பட்டியலில் பாதிப் பெயர்கள் புரியவில்லையே என்றார். என் நகலை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த பெயர்களில் சின்ன t வந்த இடமெல்லாம் கமா. டேப்பைக் குறிக்க நான் எழுதிய \t-யை லினக்ஸ் கணினி டேப் என்றே எடுத்துக்கொண்டது. அந்த மேக் வெறும் t என்று எடுத்துக்கொண்டது.

கவுண்டரில் இருக்கும் அக்காவின் மகளும் அந்தப் படகில் போயிருந்தாள். தீவுப் பள்ளியில் ஆசிரியை. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“என் பொண்ணு பேரு அதுல இருக்கா?”

“இருக்குக்கா. எழுத்துதான் போயிருச்சு. என் தப்புக்கா.”

“அத அப்புறம் பேசிக்கலாம்லா. மொதல்ல சரியான பேர அவங்ககிட்ட சொல்லு.”

நல்லவேளையாக ஸ்கிரிப்ட் தனிக் கோப்பில்தான் எழுதும். மூலக் கோப்பு அப்படியே இருந்தது. பதினெட்டுப் பெயர்களையும் அதிகாரியிடம் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அக்கா மகளின் பெயரை இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று மணி வாக்கில் தகவல் வந்தது. படகைத் தள்ளும் அடி விசிறியில் மீன்வலை சிக்கி, சின்னத் தீவு ஒன்றின் மறைவில் நங்கூரம் போட்டிருந்தார்களாம். எல்லோரும் பத்திரம். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் முதலாளியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை; அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே ஸ்கிரிப்டைத் திருத்தினேன். \t-யை எடுத்துவிட்டு, printf கட்டளையால் உண்மையான டேப்பையே உண்டாக்கிக் கொடுத்தேன். லினக்ஸ் கணினி சரியாகி வந்ததும், பொய்ப் பெயர்களை வைத்து இரண்டிலும் ஓட்டினேன். விடை ஒன்றாகவே வந்தது. ஆனாலும் ஒவ்வொரு பட்டியலையும் அக்காவிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவர் கடைசிப் பெயரை முடித்த பிறகுதான் தாளை அதிகாரியிடம் கொண்டுபோகிறேன்.