மூன்று வேளையும் பூண்டு

ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாகப் பிள்ளை வளர்த்தேன். கணவர் தொழிற்சாலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். இரண்டு மாதக் குழந்தையோ, மார்பில் வாய் வைத்ததுமே புரையேறி, விலகி, வீறிட்டு அழுவான்.

பால் போதவில்லை என்றே நினைத்தேன். 'இங்கே பேச ஒரு ஆள்கூட இல்லை' என்று தென்காசியிலிருந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். 'பூண்டு நிறையச் சேர்த்துக்கொள், பால் ஊறும்' என்று பதில் வந்தது. மூன்று வேளையும் பூண்டு தின்றேன். அவன் இன்னும் அதிகமாக அழுதான். பெற்ற பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று நானும் அழுதேன்.

ஒருநாள் அழுகை கேட்டு, கீரைக்காரப் பெண் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும். பால் போதவில்லை என்றேன். குழந்தை வாயை எடுத்ததும் பால் பீறிட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, பால் இல்லேன்றே! பீச்சிகினு அடிக்குது, கொயந்த எப்டிக் குடிக்கும்? மொதல்ல கொஞ்சம் துணில உடு. அப்பால பின்னால சாஞ்சிகினு குடு."

அப்படியே செய்தேன். முதல்முறையாக அவன் அழாமல் குடித்துத் தூங்கினான்.

நிமிர்ந்தேன். அவள் முந்தானையை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றாள். ஜாக்கெட் நனைந்திருந்தது.

"உனக்கும் கைக்குழந்தையா?"

"ஊட்ல கீது. கூடை காலியானாத்தான் போவணும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பேச ஒரு ஆள்கூட இல்லை என்று எழுதியிருந்தேனே, அந்த நாட்களிலும் அவள் தினமும் என் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.