ஆர் பூட்டினது?

"என்ன பின்பிரேக், வெயிலுக்கை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும்."

கூட்டுறவுச் சங்க மனேச்சர் தலையைக் குனிந்துகொண்டு தகரக் கொட்டிலுக்குள் நுழைகிறார். சைக்கிள் திருத்துகிற மீராசாகிபுவுக்கு ஆட்களின் பெயர் வாயில் வராது. யாருடைய சைக்கிளுக்கு என்ன நோயோ அதுதான் ஆளின் பெயர். நாலு ஏக்கர் வயல் செய்கிற ஐயாத்துரை 'செயின் கழட்டி'. தபால்காரர் 'நெளிஞ்ச றிம்'. நோய் மாறினாலும் பெயர் மாறாது. ஊர் அவரைக் கூப்பிடுவது 'நானா', அண்ணன் என்று. "பிரேக்கைப் போன மாசம் நீர்தானே நானா மாத்தினீர்?" என்று மனேச்சர் கேட்டால், "பிரேக் மாறிட்டுது, ஆள் மாறேல்லையே," என்பார். வாயில் எந்நேரமும் இரண்டு மூன்று நட்டுகள் கிடக்கும். அதனால் கதை கடைவாயால்தான் வரும்.

தண்ணீரூற்றுச் சந்திக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அந்தக் கொட்டிலின் சுவரில் ஓர் ஆணி இல்லை. நட்டுக் கழற்றும் சாவிகளும் பம்பும் பழைய டியூப்புகளும் இரண்டு உரப்பைகளுக்குள் கிடக்கின்றன. பின்னேரம் பைகளின் வாயைக் கட்டிவிட்டால் அங்கே கடை என்று எதுவும் மிஞ்சாது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தைப் புலிகள் இயக்கம் வெளியேறச் சொன்னபோது, தகப்பன் நடத்திய சைக்கிள் கடையைச் சுவர் நிறைந்த சாமான்களோடு விட்டுவிட்டு, மனைவி ஜெமீலாவையும் ஐந்து வயது மகள் நஃப்லாவையும் கூட்டிக்கொண்டு புத்தளம் போனவர் அவர். பதின்மூன்று வருடம் அகதி முகாம். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு, இரண்டாயிரத்து மூன்றில் தனியாகத் திரும்பினார். குடும்பம் இன்னும் புத்தளத்தில்தான். "ஆணி அடிக்கலாம்தான். போகச் சொல்லேக்கை அதைக் கழட்ட நேரம் தருவினமோ?" என்பார்.

புத்தளம் அவருக்குக் கொடுத்தது ஒன்றேயொன்று, நல்ல சிங்களம். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்கிற நாட்களில் அதை வெளியே எடுப்பார். ஆமிக்காரரோடு பகிடி விடுவார். வரிசையில் முழிசிக்கொண்டு நிற்கிற சனத்துக்கு மொழிபெயர்ப்பார். "பாசை தெரிஞ்சா பாதிப் பயம் போயிடும்," என்று சொல்லுவார். போன ஆடி மாதத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

அவர் நோய்ப் பெயர் வைக்காத ஒரே ஆள் ஞானேஸ்வரி டீச்சர். உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கடற்கரைப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டு வருடமாகத் தொண்டர் ஆசிரியை, நியமனம் இல்லை. ஷெல் விழுந்த ஒரு காலையில் வலது கையின் நாலு விரல்களும் போய்ப் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. வலது முழங்காலுக்குள் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது காற்றுப் பின்னாலிருந்து தள்ளும். பின்னேரம் அதே சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். மிதிக்க ஏலாமல் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவர் கடையைத் தாண்டிப் போவதை மீராசாகிபு ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. யாரில் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் எழும்பிப் போய் மறித்தார்.

"டீச்சர், உங்கடை சைக்கிளுக்கு ஒரு நோயும் இல்லை. கியர் ஒண்டு பூட்டினால் காத்துக்கையும் மிதிக்கலாம்."

"கியரை எந்த விரலாலை மாத்திறது நானா?" என்று டீச்சர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். இடது கை பிரேக்குக்கு வேண்டும்.

அந்தக் கேள்வி இரண்டு மாதம் அவரை உறங்கவிடவில்லை. கண்ணிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன உடைந்த கியர் சைக்கிளில் இருந்து பின் கியரைக் கழற்றினார். வவுனியாவில் பழைய கார் உடைக்கிற இடத்தில் கதவுப் பூட்டின் சின்ன மோட்டர் ஒன்று கிடைத்தது. சுவிச்சை மேலே தட்டினால் அதன் கம்பி வெளியே வரும், கீழே தட்டினால் உள்ளே போகும். சுவிச் தட்ட ஒரு பெருவிரல் போதும். மோட்டரைப் பின் சில்லின் அச்சோடு பொருத்தி, சீட்டுக்குக் கீழே தகரப் பெட்டியில் மோட்டார்சைக்கிள் பற்றறியை வைத்தார். முதல் வாரம் முழுக்கத் தோல்வி. மோட்டர் இழுத்துவிடும், கியருக்குள் இருந்த ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுத்துவிடும். எட்டாம் நாள் ஸ்பிரிங்கையே கழற்றி எறிந்தார். பிறகு தள்ளின இடத்தில் கியர் நின்றது.

மிச்சம் இருந்தது வயர். ஹாண்டிலில் இருந்து பின் சில்லு வரைக்கும் அது ஓட வேண்டும். அந்தப் பழைய பெண்கள் சைக்கிளில் அதற்கு வழியே இல்லை.

"குழாய்க்குள்ளாலை விடேலாதோ நானா? வெளியிலை கிடந்தால் பிள்ளையள் இழுக்குங்கள்."

"உள்ளாலை விடுறதெண்டால் குழாயிலை ஓட்டை போடவேணும். ஓட்டை போட்ட இடத்திலை ஒருநாள் முறியும். வெளியாலை ஓடட்டும் டீச்சர். மறைக்கிறதுக்கு இதிலை என்ன கிடக்கு?"

சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். டியூப்பை நாடாபோல வெட்டிச் சாணுக்கு ஒரு கட்டுப் போட்டார். அன்று பின்னேரம் டீச்சர் சோளகத்துக்கு எதிராக மிதித்துக்கொண்டு வந்தார். கடைக்கு முன்னால் பெருவிரலால் சுவிச்சைத் தட்ட, செயின் டக்கென்று ஏறியது. டீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மீராசாகிபு வாயிலிருந்த நட்டுகளைக் கையில் துப்பிவிட்டுத் தானும் சிரித்தார்.

ஆடியில் டீச்சருக்கு வவுனியாவிலிருந்து நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு வந்த அழைப்பு. பகல் பன்னிரண்டுக்குள் நிற்க வேண்டும். சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நெடுக நடக்க வேண்டியிருப்பதால் சைக்கிளையும் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டார். அதே பஸ்ஸில் மீராசாகிபுவும் இருந்தார். மறுநாள் புத்தளத்தில் நஃப்லாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "பயப்பிடாதையுங்கோ டீச்சர், ஓமந்தையிலை நான் கதைக்கிறன்," என்று சொல்லிக்கொண்டு வந்தார். இயக்கத்தின் சாவடியில் நின்ற பொடியன் சுவிச்சை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றான்.

ஓமந்தையில் ஆமிக்காரன் ஒருவன் சைக்கிளைக் கண்டதும் நாலடி பின்னால் பாய்ந்தான். வயர், பற்றறி, சுவிச். விசில் ஊதியது. வரிசை முழுவதையும் கலைத்து மண் அணைக்குப் பின்னால் தள்ளினார்கள். டீச்சரைத் தனியே நிறுத்தினார்கள். சற்றுமுன் சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டிருந்த தாடிக்காரனைக் கூட்டிவரச் சொல்லி அதிகாரி கையைக் காட்டினார்.

இது என்ன என்று அதிகாரி கேட்டார். மீராசாகிபு தமிழில் கேட்டார். டீச்சர் சொன்னார். அவர் சிங்களத்தில் சொன்னார். அதுவரைக்கும் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது.

அடுத்த கேள்வியை அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"ஆர் பூட்டினது எண்டு கேக்கிறார், டீச்சர்."

டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் சைக்கிளின் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். புலிகளின் இடத்திலிருந்து வருகிற, மோட்டரும் வயரும் தெரிந்த ஒருவனை விசாரணைக்கென்று கொழும்புக்கு ஏற்றினால் எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். 'நான்தான் சேர்' என்பதற்குச் சிங்களத்தில் இரண்டு சொல். அந்த இரண்டும் அவருக்குத் தெரியும்.

"நான்தான் பூட்டினனான்," என்றார் டீச்சர்.

அதையும் அவர் சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி டீச்சரின் வலது கையைப் பார்த்தார். பிறகு ஒரு சிறு கேள்வி.

"இந்தக் கையாலையோ எண்டு கேக்கிறார்."

"ஓம், இந்தக் கையாலைதான் எண்டு சொல்லுங்கோ நானா."

சொன்னார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ போகலாம் என்றார். மீராசாகிபு தன் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் வெளிக்கிடும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சரைப் பின்னேரம் நாலு மணிக்கு விட்டார்கள். குண்டு பார்க்கிறவர்கள் வந்து வயரை வெட்டினார்கள். மோட்டரையும் பற்றறியையும் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதோ என்று கீழ்க் குழாயை இரும்பு அறுக்கிற வாளால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே துருதான் இருந்தது. டீச்சர் வவுனியா போய்ச் சேரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டது. 'இன்னொரு தரம் கூப்பிடுவோம்' என்றார்கள். பிறகு வந்த நியமனப் பட்டியலில் டீச்சரின் பெயர் இல்லை.

புத்தளத்தில் நஃப்லாவின் கலியாணம் பொருந்தியது. "அந்த டீச்சர்ட கியர் எப்பிடி, வேலை செய்யுதோ?" என்று ஜெமீலா கேட்டபோது, "ஓம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பிவந்த பதினெட்டாம் நாள் டீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். குழாயின் வயிறு திறந்து கிடந்தது.

"இதை ஒட்டித் தாங்கோ நானா. பழையபடி கியர் இல்லாமல் இருக்கட்டும்."

மீராசாகிபு கதிரையை இழுத்துப் போட்டார். டீச்சர் இருக்கவில்லை.

"வேறை மோட்டர் ஒண்டு எடுக்கலாம் டீச்சர். நான் திரும்பவும் பூட்டித் தாறன்."

"வேண்டாம். ஆரும் கேட்டால் நான்தானே திரும்பவும் சொல்லவேணும்."

மீராசாகிபுவின் வாயில் அன்று நட்டுகள் இல்லை. இருந்தும் கதை கடைவாயால்தான் வந்தது. "அண்டைக்கு எனக்கு..." என்று தொடங்கினார்.

"அண்டைக்கு நான் சொன்னதை அப்பிடியே சொன்னியளோ? ஒரு சொல்லும் விடாமல்?"

"ஓம் டீச்சர்."

"அதிகாரி நம்பினவரோ?"

அவர் குனிந்து குழாயின் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். டீச்சர் பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். மீராசாகிபு குழாயை வெல்டிங் ஒட்டு வேலைக்காரரிடம் கொண்டுபோய்த் தானே பக்கத்தில் நின்று ஒட்டுவித்தார். மேடு தெரியாமல் அராவி, சாயமும் அடித்துக் கொடுத்தார். டீச்சர் நன்றி சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மிகத் தெளிவாகச் சொன்னார்.

சோளகம் இன்னும் ஓயவில்லை. பின்னேரம் இரண்டரைக்கு டீச்சர் காலை இழுத்து இழுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடையைத் தாண்டுகிறார். மனேச்சர் வந்து பகிடி விட்டாலும் அந்த நேரத்தில் மீராசாகிபு உரப்பைக்குள் சாவி தேடிக்கொண்டிருக்கிறார். ஓமந்தை வழியே போகிறவர்கள் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், சிங்களம் மறந்துபோச்சு என்கிறார்.

டீச்சர் போய்க் கொஞ்ச நேரத்துக்குச் சந்தியில் ஆள் இருக்காது. அப்போது அவர் தலைகீழாய் நிறுத்திய ஏதாவது ஒரு சைக்கிளின் முன்னால் குந்துகிறார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கிறார். வலது கையின் நாலு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, பெருவிரலால் மட்டும் ஒரு நட்டை அச்சில் ஏற்றப் பார்க்கிறார். மரையில் பிடிக்காமல் அது மண்ணில் விழுகிறது. எடுத்து, உடுத்திருக்கும் சாரத்தில் துடைத்துவிட்டு, விரல்களை மறுபடியும் மடக்குகிறார்.