எதிரி வண்டியில் அம்மா

அம்மா ரோலர் கோஸ்டர் ஓட்டினாள். ஓட்டினாள் என்பது அவள் சொல். உண்மையில் அது தானாக ஓடும். அவள் மேடையில் நின்று பொத்தானை அழுத்துவாள். வண்டி திரும்பி வரும்போது பிரேக் கம்பியை இழுப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வு பெறும்வரை அதே மேடை.

எங்கள் கேளிக்கைப் பூங்காவுக்கு எதிர்ப்புறம், சாலையைத் தாண்டி, புதிய பூங்கா வந்தது. அதன் கோஸ்டர் எங்களுடையதைப் போல் இரண்டு மடங்கு உயரம். அங்கே கத்துவது வீடுவரை கேட்கும். அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

“அவங்க வாயால கத்துறாங்க. நம்ம ஆளுங்க வயித்துலேர்ந்து கத்துவாங்க.”

எங்கள் பூங்காவின் ரசிகர்கள் சிவப்புச் சட்டை. எதிர்ப்புறத்தார் நீலம். பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தால் வாய்ச்சண்டைதான்.

“உங்க வண்டி மேல ஏறுறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடலாம்.”

“உங்களது ஒரு தும்மல் போடுறதுக்குள்ள முடிஞ்சிடுது. அதுக்கு டிக்கெட் வேற!”

சிவப்புக் கூட்டம் முழுக்க அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டது. அதில் ஒருத்தி, பல் டாக்டரிடம் உதவியாளர். வாராவாரம் வருவாள். அவளுக்கு மட்டும் அம்மா முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்காது.

நான் லிஃப்ட் பொறியாளர். என் வேலையைப் பற்றி அம்மா ஒரே ஒரு முறை பேசினாள்.

“ஆளை மேல ஏத்துறே, கதவைத் திறந்து விட்டுடுறே. இதுல என்னடி இருக்கு?”

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் காலையில் கேட்டாள்: “எதிரி வண்டியில ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கணும். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

என்னைக் கேட்டாள். அந்த உதவியாளரை அல்ல. எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுப்பு எடுத்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். பல் டாக்டர் உதவியாளரேதான். சிவப்பை விட்டு, வெள்ளைச் சட்டையில்.

“அம்மா! நீங்களா?”

“நீ எங்கடி இங்கே?”

“வேவு பார்க்க வந்தேம்மா.”

“நானும் அதுக்குத்தான்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டியில் வரிசைக்கு இரண்டு பேர். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “நீ என்கூட வா. இவளுக்கு இதோட ருசி தெரியாது.”

நான் பின்வரிசையில், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில்.

முதல் சரிவில் முன்வரிசையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. வீடு திரும்பும்போது கேட்டேன்.

“கத்தினியாம்மா?”

“நானா? எதிரி வண்டியிலயா? போடி.”

போன மாதம் அம்மா இறந்துபோனாள். தூக்கத்தில். சிவப்பும் நீலமும் ஒன்றாக வந்து கூடத்தில் நின்றன. அந்தப் பெண் என்னைவிடச் சத்தமாக அழுதாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

“அன்னைக்கு அம்மா கத்தினாங்களா?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க அக்கா.”

“நான் அவங்க பொண்ணு.”

“அதனாலதான். கத்தினது தெரிஞ்சா ஆயுசுக்கும் நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு...” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்னன்னு கத்தினாங்க?”

“‘பிரேக்கு, பிரேக்கு’ன்னு. என் கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாங்க பாருங்க! கம்பின்னே நினைச்சுட்டாங்க. ரெண்டு நாள் வீங்கிக் கிடந்துச்சு.”

சிரித்தாள். மறுபடி அழுதாள்.

“எந்தக் கை?”

இடது மணிக்கட்டை நீட்டினாள். வீக்கம் எப்போதோ வடிந்திருந்தது. தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

என் இரண்டு கைகளுக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை.