அறுபத்து மூன்று கறுப்புக் கற்கள்

கல் சோதனை நடந்த அன்று தேயிலை மலையில் இருந்தவர்கள்: கண்ணாடித் துரை என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஜப்பான் அதிகாரி, அவருடைய சிப்பாய் ஒருவன், கணக்கு எழுதும், மலாய் தெரிந்த எங்கள் கிராணி ஐயா, முனியன் கங்காணி, கல் உடைக்கும் கேங்கில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேர் என்றால் அஞ்சலையக்கா, அவர் புருஷன் ராயப்பன், மேட்டு லயத்து வரிசை வீட்டு அண்ணன் தம்பிகள் மூவர், பிறகு நான். மொத்தம் பத்து. யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பத்துதான்.

இப்போது ரோட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் அளவுப் புத்தகத்தில் "நல்ல கறுப்புக் கல்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்தால் உடனே அடித்து எழுதச் சொல்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. கல் புத்தகம்

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்தில் இருக்கும் சாமான் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை எல்லாம் எழுதி முடிந்தது. கண்ணாடித் துரை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். தேயிலைக்கு நடுவே பெரிய பெரிய கற்கள் கிடந்தன. அதையும் எழுதச் சொன்னார். ஒரு கல்லுக்கு எழுதியதை இன்னொரு கல்லுக்கு எழுதக் கூடாது. யாராவது திருடினால் எந்தக் கல் போனது என்று தெரிய வேண்டுமாம். ஒவ்வொன்றும் மாட்டுக் கொட்டகை அளவு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கேங்கில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பதினோரு நாள் எழுதினேன். பதினோரு நாளும் மழை. ஒன்றாம் கல்: எருமை முதுகு மாதிரி கறுப்பு. ஏழாம் கல்: எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மினுமினுப்பு. பத்தொன்பது: புதுச் சட்டிக் கரி. முப்பது: ஈரம் சொட்டும் யானைக் காது. நாற்பத்து நான்கில் சொல் தீர்ந்துவிட்டது. பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா சவரி, கல்லுக்குப் பொண்ணு பாக்குறியா?" என்றார் அஞ்சலையக்கா. "என் மாமியா ஒதட்டப் பிதுக்கிட்டு ஒக்காந்திருக்க மாதிரின்னு எழுதுலா!"

"எங்கம்மாவ ஏன்டி இழுக்குற?" என்றார் ராயப்பன். பிறகு கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எழுதுடா, சரியாத்தான் இருக்கு" என்றார்.

2. சோதனை

சோதனைக்கு வந்த அன்று வெயில். நான் வாசித்தேன். கிராணி ஐயா மலாயில் சொன்னார். கண்ணாடித் துரை கல்லைப் பார்த்தார். ஒன்றாம் கல் காய்ந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று நின்றது.

"பத்து ஹீத்தாம் மனா?" கறுப்புக் கல் எங்கே என்று மலாயில் கேட்டார்.

இரண்டாம் கல்லும் சாம்பல். மூன்றாவதும் சாம்பல். நாற்பத்து நான்கில் மட்டும் வெகுநேரம் நின்று, தலையை ஆட்டினார். கல்லின் உதடு பிதுங்கித்தான் இருந்தது. அதுவே எங்களுக்கு வினையாகிவிட்டது. இந்த ஒரு கல் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது, ஆகவே மற்ற அறுபத்திரண்டையும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

கிராணி ஐயா, மழையில் நனைந்தால் கல் கறுக்கும் என்று சொல்லிப் பார்த்தார். "பாக்கேரோ!" முட்டாள் என்று ஜப்பானில் திட்டி, கன்னத்தில் ஓர் அறை. கறுப்பு என்று மேலிடத்துக்கு எழுதிப் போயாகிவிட்டதாம். மேலிடத்துக்கு எழுதியது தப்பாக இருக்க முடியாதாம். நாளை மத்தியானத்துக்குள் கறுப்புக் கற்கள் திரும்பி வராவிட்டால் கல் கேங் ஆறு பேரும் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போக வேண்டும்.

போன வாரம் கீழ் லயத்தில் நான்கு பேரைச் சயாமுக்கு ஏற்றியிருந்தார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

"எழுதுனவன் நீ. ஒங்க ஆறு பேரு உசுரும் ஒன் பென்சில்லதான் தொங்குது" என்றார் கங்காணி.

அஞ்சலையக்காதான் வழி சொன்னார். "திருப்பிக் கொண்டாந்துருவோம். தண்ணி ஊத்துனா கறுத்துருமில்ல?"

விடிந்ததும் மண்ணெண்ணெய் டின்களில் ஓடைத் தண்ணீர் சுமந்தோம். ஊற்றினால் வெயிலில் காய்ந்துவிடுகிறது. நனைத்த சாக்கைப் போர்த்தி வைத்தால் நிற்கும். ஆனால் தோட்டத்தில் மீதியிருந்த சாக்கெல்லாம் எங்கள் உடம்பில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் எங்களுக்குச் சட்டை. அண்ணன் தம்பி மூவரும் கழற்றி, துரை பார்க்கும் பக்கமாகக் கல்லுக்குப் போட்டார்கள். துரை ஒரு கல்லுக்கு வருவதற்குள் சாக்கை உருவிக்கொண்டு அடுத்த கல்லுக்கு ஓட வேண்டும். மலைக் குளிரில் மூன்று பேர் வெறும் மேலோடு தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து குனிந்து ஓடினார்கள். சின்னவன் தும்மினான். கங்காணி உடனே தானும் மூன்று தடவை தும்மினார்.

அறுபத்து மூன்றும் சரியாக இருந்தன. கண்ணாடித் துரை சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நேற்று இங்கே இருந்த சாம்பல் கற்கள் எங்கே?

கிராணி ஐயா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பத்திரமா இருக்கு துரை" என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வந்த வார்த்தை.

"அதையும் எழுது" என்றார். சாம்பல் கல் அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை கல்லைக் காவல் காக்க ஆள் வேண்டும் என்று எங்கள் ஆறு பேர் பெயரையும் சயாம் லிஸ்டிலிருந்து அடித்துவிட்டார். ஜப்பான்காரன் போகும்வரை ஆறு பேரும் தோட்டத்திலேயே இருந்தோம்.

3. ஒப்படைப்பு

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் கணக்குப் பார்க்க டவுனிலிருந்து பெரிய கிராணி வந்தார். புத்தகத்தில் நூற்று இருபத்தைந்து கல். மலையில் அறுபத்து மூன்று. கறுப்புக் கல்லைக் காணோம் என்றார். டின்னில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் காட்டினேன்.

"சரி, இப்ப சாம்பல் எங்க?"

"காயணும் ஐயா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல காட்டு."

ஆகவே, பிள்ளைகளே, கல்லைப் பற்றி எழுதும்போது முதலில் அது நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தையும் மினுமினுப்பையும் நம்பாதீர்கள், அவை வெயிலோடு போய்விடும். விளிம்பு கையை அறுக்கிறதா, சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறதா, பொத்தென்கிறதா, எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். நாற்பத்து நான்காம் கல்லில் யாரும் இதுவரை குறை கண்டதில்லை.

காணாமல் போன அறுபத்திரண்டுக்கும் கல்லுக்கு ஐம்பது காசு வீதம் முப்பத்தொரு மலாயா வெள்ளி என் பேரில் எழுதினார்கள். மாதம் இரண்டு வெள்ளியாக ஏழு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு நான் ரோட்டு வேலைக்கு மாறிவிட்டேன். யாராவது கேட்டு வந்தால் கொடுக்க மீதியை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பாக்கி பதினேழு வெள்ளி.