கூடைக் கயிறு

மந்தைவெளியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முழங்கால் தேய்ந்த பிறகு என் கணவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். பால்கனியிலிருந்து கயிறு கட்டிப் பிளாஸ்டிக் கூடையை இறக்குவார். காய்கறி வண்டிக்காரர் அதில் கத்தரிக்காய் போட்டு அனுப்புவார். ஒரு சொத்தை இருந்தாலும் போதும், இவர் மேலிருந்தே கத்துவார். கூடை மறுபடி இறங்கும்.

அடுத்த தெருவில் வயதானவர்களுக்கென்றே வீடுகள் கட்டினார்கள். லிஃப்ட் உண்டு, குளியலறையில் கைப்பிடி உண்டு, மணி அடித்தால் ஆள் வரும். ஆனால் சமையலும் சாவியும் நம்முடையதுதான். போய்ப் பார்க்கலாம் என்றேன். "எனக்கென்ன பிள்ளை இல்லையா, இல்லத்தில் போய் விழ?" என்று எரிந்து விழுந்தார். பிள்ளை கனடாவில் இருக்கிறான். அதற்குமேல் இந்த மனுஷனிடம் யார் பேசுவது?

இப்போது அங்கே நான் மட்டும் இருக்கிறேன். அதே வண்டிக்காரர் வருகிறார். லிஃப்டில் இறங்கிப் போய் நானே காய் பொறுக்குகிறேன். "சார கிட்டக்க பாத்ததே இல்லமா, கொரல் மட்டும்தான் தெரியும்" என்றார் ஒருநாள். எனக்கு என் கணவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அவர் போன அன்று, பழைய வீட்டின் குறுகலான படிவளைவில் உடலைப் படுக்கவைத்துத் திருப்ப முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும், கட்டுவதற்கு ஏதாவது கொடுங்கள் என்றார்கள் தூக்க வந்தவர்கள். கூடையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன்.