அரைக் கயிறு அகலம்

கல்யாணமாகி எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வந்த இரண்டாம் வருஷம், எங்கள் மிளகாய்க் களத்தைப் பாகம் பிரித்தார்கள். எண்பதுகளின் கடைசி. மாமனார் இறந்துபோயிருந்தார். பாதிக் களம் என் மாமியாருக்கு, பாதி அவருடைய கொழுந்தனுக்கு, அதாவது என் சின்ன மாமாவுக்கு. நான் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அளந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. சின்ன மாமாவின் மனைவி எனக்குத் தூரத்துச் சித்தி. என் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அவர்தான்.

களம் கிழக்கே அகலம்; மேற்கே பாறை குறுக்கிட்டதால் ஒடுக்கம். கிணற்றுக் கயிறு ஒன்றை வைத்து அளந்தேன். ஒரு கயிறு நீளமும் ஒரு கயிறு அகலமும் உள்ள சதுரத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு முக்கால் வந்தது. எங்கள் பக்கம் ஒரு கயிறு நீளம், முக்கால் கயிறு அகலம். சின்ன மாமா பக்கம் அகலம் அரைக் கயிறுதான். முக்காலை அரையால் வகுத்தேன். நீளம் ஒன்றரைக் கயிறு.

மாமியார் முகம் மாறியது.

"முக்காலத்தான வகுத்த? வகுத்தா கொறையணும். ஒன்றரை எப்பிடி வரும்?"

என் வகுப்புப் பிள்ளைகளும் இதையேதான் கேட்பார்கள். "அரையா வெட்டுறதில்ல அத்தை. அரைக் கயிறு அகலத்துல ஒரு கயிறு நீளம் போனா பாதி எடந்தான் ஆகும். அவுகளுக்கும் முக்கால் வரணும். அதான் இன்னொரு அரைக் கயிறு நீளம் போகணும்."

"ஒங்க சித்திக்குத்தான் போகணும்" என்றார் மாமியார். என் கணவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன மாமாவும் சந்தோஷப்படவில்லை. "நமக்கு எதுக்கு நீளமா அளந்து குடுக்காக? அந்தப் பக்கம் மழத்தண்ணி நிக்குமோ?" என்று மனைவியிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவர்கள் பக்கம் நீளம் கூடியதால் எங்களுக்குச் சந்தேகம், அதே நீளத்தால் அவர்களுக்கும் சந்தேகம். நடுவில் கயிற்றோடு நான்.

மறுநாள் மாமியார் வீட்டிலிருந்த சாக்குகளையெல்லாம் பிரித்து எங்கள் பங்கில் நெருக்கமாக விரித்தார். பிறகு அதே சாக்குகளைச் சுருட்டிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விரித்தார். கடைசிச் சாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் மடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ரெண்டு இடமும் ஒன்றுதான் என்று கண்ணுக்குத் தெரிந்தது. மாமியார் சாக்குகளைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்.

"சரி, மாத்திக்கிருவோம். நீளமானது எங்களுக்கு, அகலமானது ஒங்களுக்கு" என்றார் கொழுந்தனைப் பார்த்து.

"எடுத்துக்கோங்க மதினி" என்றார் அவர், யோசிக்கவே இல்லை.

மாமியார் ஒரு அடி பின்வாங்கினார். "ஏத்தா, ஒடனே சரிங்காரே!" என்று என் காதைக் கடித்தார். "வேணாம். இருக்கதே இருக்கட்டும்."

இப்போது சின்ன மாமாவுக்குச் சந்தேகம் முற்றியது. மதினி ஏன் பின்வாங்கினார் என்று ஊர் முழுக்கக் கேட்டுத் திரிந்தார்.

எல்லைக்குக் கல் நட்டோம். அந்த மாசியில் ரெண்டு பக்கமும் மிளகாய் காய்ந்தது. காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நானும் களத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் நடுக் கல் நாலு விரல் நகர்ந்த மாதிரி இருந்தது. யாரிடம் கேட்பது? கேட்டால் நான் யார் பக்கம் என்று பதிலுக்குக் கேட்பார்கள். பஸ்ஸு ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டேன். கல் நிஜமாகவே நகர்ந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.